பாதியில் நின்ற விரல்கள்

இது நடந்தது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாதி வாசித்ததும் உங்களுக்குச் சந்தேகம் வரும். எனக்கும் வந்தது. கண்ணெதிரே நடந்துகொண்டிருந்தபோதே வந்தது. நான் குடிப்பவள் இல்லை. தூக்க மாத்திரை போட்டதும் இல்லை. எங்கள் மலைப் பள்ளிக்கூடத்தின் சமையலறையில் வேலை பார்த்தேன். அங்கே ஓர் அலமாரி நிறையப் புத்தகங்கள் இருந்தன. அவற்றைத் திரும்பத் திரும்ப வாசித்திருக்கிறேன். ஒன்றுகூடப் பேயைப் பற்றியது அல்ல. என் பெயர் ருபியேலா. இதை எழுதப் போகிறேன் என்று என் கொழுந்தன் லிபார்தோவிடம் சொன்னேன். "எழுதுங்க அண்ணி. யாரும் நம்பப் போறதில்ல. நம்பாம இருந்தா அவங்களுக்கு நல்லதுதான்" என்றான்.

அலறலும் ஓட்டமும் எதிர்பார்த்து இதைக் கையில் எடுத்திருந்தால் ஏமாந்துபோவீர்கள். ஒரு கை மூடும்போது பாதியில் நின்றது. அங்கிருந்துதான் எல்லாம் ஆரம்பித்தது.

எங்கள் ஊர் அந்தியோக்கியா மலைகளின் கிழக்குச் சரிவில் இருக்கிறது. காபி விளையும் இடம். சண்டை போட்டவர்கள் எங்கள் மலையை விட்டுப் போனபோது எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போகவில்லை. பள்ளிக்கூடத்துக்கு இறங்கும் பாதையில், மண்ணுக்குள் சிலவற்றை விட்டுவிட்டுப் போயிருந்தார்கள்.

என் கணவர் எவெலியோ எங்கள் மகள் தாரியைப் பள்ளிக்கு அழைத்து வந்துகொண்டிருந்தார். அவளுக்கு ஏழு வயது. முந்தின இரவு மழையில் பாதை வழுக்கும் என்று வலது கையால் அவள் கையைப் பிடித்திருந்தார். நான் பள்ளிச் சமையலறையில் பிள்ளைகளுக்குச் சாக்லேட் காய்ச்சிக்கொண்டிருந்தேன். சத்தம் கேட்டது. ஜன்னல் கண்ணாடி ஒருமுறை அதிர்ந்து நின்றது. அதற்குமேல் அந்தக் காலையைப் பற்றி எழுத எனக்கு வராது.

தாரி அங்கேயே போய்விட்டாள். எவெலியோவை நகரத்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள். முழங்கைக்குக் கீழே கொஞ்சம் விட்டு, வலது கையை எடுத்துவிட்டார்கள்.

எங்கள் பக்கத்தில் வெட்டி எடுத்த கையையோ காலையோ எறிந்துவிட மாட்டோம். வீட்டுக்காரர்கள் ஆஸ்பத்திரியில் கேட்டு வாங்கி வருவோம். சின்னப் பெட்டி செய்து, விரல்களை நன்றாக நீட்டிவிட்டு, கல்லறைத் தோட்டத்தின் ஒரு மூலையில் மண்ணில் புதைப்போம். விரல்கள் மடிந்தபடி புதைந்தால் அதன் சொந்தக்காரனுக்கு ஆயுசு முழுக்க இல்லாத கையில் வலி இருக்கும் என்பார்கள். பொட்டலத்தை வாங்க லிபார்தோதான் போனான். அப்போது எவெலியோ காய்ச்சலோடு படுக்கையில் கிடந்தார். தம்பியின் சட்டையைப் பிடித்து இழுத்துச் சொன்னாராம்:

"அதத் தனியாப் புதைக்காத. தாரியோட பெட்டியில வை. அவளுக்கு இருட்டுன்னா பயம்."

கல்லறைத் தோட்டத்தைப் பார்த்துக்கொள்பவர் அபெலார்தோ. லிபார்தோ பொட்டலத்தோடு வந்து விஷயத்தைச் சொன்னதும் அவர் கையிலிருந்த பூச்சுக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்.

"வேணாம் தம்பி. உசுரோட இருக்கறவன் சதைய செத்தவங்க பெட்டியில வைக்கறதில்ல. அந்தப் புள்ளைக்கும் நல்லதில்ல, உங்கண்ணனுக்கும் நல்லதில்ல."

"அவரு கேட்டுட்டாரு. ஒத்தப் புள்ளையப் பறிகுடுத்தவர்கிட்ட போய் நான் என்ன சொல்லட்டும்?"

"சரி, பொட்டலத்தப் பிரிச்சு விரலையாவது நீட்டி விடு."

லிபார்தோ அதைப் பார்த்தான். உள்ளே எதுவும் தெரியாத கனத்த பிளாஸ்டிக். சுற்றிலும் ஒட்டி, மேலே ஆஸ்பத்திரி முத்திரை. "என்னால முடியாது" என்றான். யாராலும் முடியவில்லை. ஒட்டினது ஒட்டினபடியே அதைத் தாரியின் பக்கத்தில் வைத்தோம். கல்லறைத் தோட்டத்துச் சுவரில் வரிசையாக இருக்கும் குழிகளில் ஒன்றில் பெட்டியைத் தள்ளி, அபெலார்தோ செங்கல் வைத்துப் பூசினார். எனக்கு அது ஆறுதலாகத்தான் இருந்தது. உள்ளே அவள் தனியாக இல்லை.

எவெலியோ வீடு திரும்பினார். இல்லாத கை அவரைப் பாடாய்ப் படுத்தியது.

"மடிஞ்சே இருக்கு ருபி. விரிக்க முடியல. நகம் உள்ளங்கையில குத்துது."

துணி சுற்றிய மொட்டைக் கையைக் காற்றில் ஆட்டுவார். வெந்நீர் ஒற்றடம் கொடுப்பேன். எங்கே ஒற்றடம் கொடுப்பது? வலித்த இடம் காற்றில் அல்லவா இருந்தது!

பல மாதங்கள் இப்படியே போயின. ஒருநாள் மத்தியானம் அவர் சாப்பிட்டுக்கொண்டே நிமிர்ந்தார். முகம் மாறியிருந்தது.

"வலி நின்னுடுச்சு."

"நல்லது."

"விரியல. மூடித்தான் இருக்கு. ஆனா இப்ப... உள்ள ஏதோ இருக்கு."

அன்றைக்கு இரண்டாவது அரேபா சோள ரொட்டியும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். தாரி போன பிறகு அவர் கேட்டுச் சாப்பிட்டது அதுதான் முதல் தடவை. நான் எதுவும் கேட்கவில்லை. கேட்டால் அந்தப் பசி போய்விடும் என்று பயம்.

அதற்கடுத்த மாதம்தான் கை வந்தது.

மெதெயின் நகரத்தில் செயற்கைக் கை, கால் செய்யும் ஒரு பட்டறை. கண்ணிவெடியில் அடிபட்டவர்களுக்கு இலவசமாகப் பொருத்தினார்கள். அங்கே மரிசெல் என்று ஓர் இன்ஜினியர். சின்ன வயது, குட்டை முடி, வாய் ஓயாத பெண். கறுப்புக் கை ஒன்றை எங்கள் முன்னால் மேஜையில் வைத்தாள். அசல் மனிதக் கையைப் பிரித்துப் பார்த்து அதன்படியே செய்தது. ஒவ்வொரு விரலுக்குள்ளும் தசைநாருக்குப் பதில் மெல்லிய கம்பிக் கயிறு ஓடியது. உள்ளங்கைக்குள் சின்னச் சின்ன மோட்டார்கள்.

"விரல மடக்கற சதை உங்க முன்னங்கையிலதான் இருக்கு, எவெலியோ ஐயா. கை போனது அதுக்குத் தெரியாது. மடக்குன்னு நெனச்சா இன்னமும் துடிக்கும். அந்தத் துடிப்ப இந்தத் தகடு பிடிச்சு மோட்டாருக்குச் சொல்லும்."

"கை போனத அதுகிட்ட யாரும் சொல்லலியா?"

"சொன்னாலும் நம்பாது."

"அப்ப என் பொண்டாட்டி மாதிரிதான்" என்றார் எவெலியோ. "மூணு பேருக்குத்தான் இன்னும் மாவு பிசையறா."

மரிசெல் சிரிக்க ஆரம்பித்து, என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

அவள் செய்து காட்டியதை நான் சரியாகச் சொல்ல வேண்டும். ஏனென்றால் எல்லாம் அதில்தான் இருக்கிறது. அந்தக் கையில் ஓர் ஆரஞ்சைக் கொடுத்தாள். விரல்கள் மூடின. ர்ர்ர்... என்று மெல்லிய சத்தம். பழத்தைத் தொட்ட இடத்தில் ஒவ்வொரு விரலும் தனித்தனியாக நின்றது. நிற்கும்போது 'டிக்' என்றது. அடுத்து ஒரு முட்டை. விரல்கள் இன்னும் கொஞ்சம் உள்ளே வந்து நின்றன. டிக். டிக். முட்டை உடையவில்லை. பொருளை எடுத்துவிட்டால்கூட, நின்ற விரல்களைப் பார்த்தே அங்கே இருந்தது ஆரஞ்சா முட்டையா என்று சொல்லிவிடலாம்.

"இது ஆண்டவன் போட்ட கணக்கு. நாங்க பாத்து எழுதினோம், அவ்வளவுதான்" என்றாள். "ஒண்ணே ஒண்ணு மட்டும் எங்களால எழுத முடியல. இந்தக் கை பிடிக்கும். ஆனா சூடு, குளிர், ஈரம் எதையும் உங்களுக்குத் திருப்பிச் சொல்லாது. தொட்டது உங்களுக்குத் தெரியாது."

கையை எவெலியோவுக்குப் பொருத்தினாள்.

"இப்ப சும்மா மூடுங்க. எதுவும் பிடிக்காம."

ர்ர்ர்... டிக். டிக் டிக். டிக்... டிக்.

விரல்கள் பாதியில் நின்றன.

"முழுசா மூடுங்க."

"மூடிட்டேன்."

மரிசெல் கையைக் கழற்றினாள். தகடுகளைத் தன் முன்னங்கையில் ஒட்டிக்கொண்டு மூடினாள். ர்ர்ர்... என்று விரல்கள் உள்ளங்கைவரை போய் முழு முஷ்டி ஆயின. நடுவில் எந்தச் சத்தமும் இல்லை. மறுபடி எவெலியோவுக்கு மாட்டினாள். டிக். டிக் டிக். டிக்... டிக். அதே இடம். அதே பாதி.

"ஏதோ செட்டிங் கோளாறு" என்றாள். குரலில் பழைய துள்ளல் இல்லை. "போகப் போகச் சரியாயிடும்."

ஜீப்பில் மலையேறும்போது எவெலியோ அந்தக் கையை மடியில் வைத்திருந்தார். விரல்கள் பாதி மூடியபடி இருந்தன.

"அவ கை எப்பவும் வேர்க்கும்ல, ருபி" என்றார்.

"அதுல ஒண்ணும் தெரியாதுன்னு அந்தப் பொண்ணு சொல்லுச்சே."

"ஆமா. சொல்லுச்சு."

முதல் சில மாதங்கள் நன்றாகவே இருந்தன. அதை மறைக்கக் கூடாது. அவர் மறுபடி தோட்டத்துக்குப் போனார். இடது கையால் பழம் பறிப்பார். வலது கை மட்டும் எப்போதும் இடுப்புக்குக் கீழே, உடம்பிலிருந்து சற்றுத் தள்ளித் தொங்கும். மெதுவாக நடப்பார். பள்ளங்களில் நின்று, காத்திருந்து, பிறகு நடப்பார்.

"அண்ணே, இந்தக் கைக்குக் காபி பறிக்கத் தெரியுமா, இல்ல முதலாளி மாதிரி சும்மா தொங்கத்தான் தெரியுமா?" என்று லிபார்தோ சீண்டுவான்.

"இது வேற வேலைல இருக்குடா."

லிபார்தோ சிரித்தான். நான் சிரிக்கவில்லை.

ஒருநாள் காலை அவர் நாற்காலியில் கண்ணயர்ந்திருந்தார். நான் அந்தக் கையின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தேன். விரல்கள் நின்ற விதத்தைப் பார்த்தேன். கட்டைவிரல் கொஞ்சம் விலகி. சுண்டுவிரல் எல்லாவற்றையும்விட உள்ளே வளைந்து. நடுவில் ஓர் இடைவெளி. அதன் அளவு எனக்குத் தெரியும். சட்டைக் கைக்குள் நுழைக்கத் தினமும் காலையில் நான் குவித்துப் பிடித்த கையின் அளவு அது. சின்ன, சதைப்பிடிப்பான, ஒரு பிள்ளையின் கை.

நான் வெளியே போய்க் கோழிகளுக்குத் தீனி போட்டேன். வேறென்ன செய்ய?

அதற்கடுத்த வருடம் எவெலியோவின் முகம் வாட ஆரம்பித்தது.

"மெலிஞ்சுட்டா" என்றார்.

பார்த்தேன். விரல்கள் முன்னைவிட உள்ளே வந்திருந்தன. ஆரஞ்சு முட்டையான மாதிரி. அடுத்த மழைக்காலத்தில் இன்னும் உள்ளே. மாதாவின் தீபத் திருநாளுக்கு வாசலில் மெழுகுவர்த்தி வைத்தோமே, அந்த டிசம்பரில், விரல்களுக்கு நடுவே ஒரு கட்டு ஈர்க்குச்சி அளவுக்குத்தான் இடம் இருந்தது. விரல்கள் ஒழுங்காக வளைந்தும் நிற்கவில்லை. ஒன்று முன்னே, ஒன்று பின்னே... மூட்டு மூட்டாக எதன்மேலோ தட்டி நின்றன.

அது என்ன என்று இருவருக்கும் தெரிந்திருந்தது. செங்கல் சுவருக்குப் பின்னால் நடக்கிற காரியம் எங்கள் வீட்டில், ஒரு கறுப்புக் கைக்குள் நடந்துகொண்டிருந்தது. நான் அப்படித்தான் நம்பினேன்.

அவர் சாப்பாட்டைக் குறைத்தார். பிறகு தோட்டத்துக்குப் போவதை நிறுத்தினார். தூங்கும்போதும் கையைக் கழற்றவில்லை. "இப்ப விட்டா அவ்வளவுதான். பிடிக்க ஒண்ணுமே இருக்காது" என்றார். அவருக்குப் பின்னால் நானும் மெலிந்துகொண்டிருந்தேன். மகளைக் கொடுத்தாயிற்று. இவரையும் கொடுக்க நான் தயாராக இல்லை.

அபெலார்தோவிடம் போனேன்.

"சுவரத் திறங்க. அந்தப் பொட்டலத்த மட்டும் எடுத்துத் தனியாப் புதைச்சுடலாம்."

"நாலு வருஷம் ஆகணும் தாயி. அதுக்கு முன்ன செங்கல்ல கை வைக்க எனக்கு உத்தரவு இல்ல."

"அதுவரைக்கும் அவரு இருக்க மாட்டாரு."

அவர் தொப்பியைக் கழற்றி, உள்ளே எதையோ தேடுகிற மாதிரி பார்த்தார். "அப்பவே சொன்னேன்ல" என்றார். அவ்வளவுதான். மேயர் அலுவலகத்துக்கும் போனேன். அங்கே என்னை அனுதாபத்தோடு பார்த்து, தண்ணீர் கொடுத்து அனுப்பினார்கள்.

கடைசியில் எனக்குத் தோன்றியதைச் செய்தேன். அன்று அக்டோபர் மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை. மத்தியானத்திலிருந்து மழை. எவெலியோ நாற்காலியில் அசந்திருந்தார். கையின் மணிக்கட்டுப் பக்கம் ஒரு சின்ன மூடி இருக்கும். அதைத் திறந்து பேட்டரியை எடுத்து என் மேலங்கிப் பையில் போட்டுக்கொண்டேன். கைக்கு உயிர் போனால் பிடி தளரும். பிடி தளர்ந்தால் அவர் பிழைப்பார். என் கணக்கு அது.

நாலரைக்கு மின்சாரம் போனது. வழக்கமானதுதான். மழை பெய்தால் போகும்.

அடுப்படியில் வெல்லத் தண்ணீர் கொதிக்க வைத்தேன். வீட்டில் விறகு வெடிக்கிற சத்தமும் கூரைமேல் மழையும்தான். அப்போது...

ர்ர்ர்.

கரண்டியைக் கீழே வைத்தேன்.

டிக்.

பையைத் தொட்டுப் பார்த்தேன். பேட்டரி இருந்தது. என் தொடைமேல் கனமாக, குளிர்ச்சியாக இருந்தது.

டிக் டிக். டிக்... டிக்.

நாற்காலியில் எவெலியோ இல்லை.

வாசல் கதவு திறந்திருந்தது. அவர் தாழ்வாரத்தின் ஓரத்தில் எனக்கு முதுகைக் காட்டி நின்றிருந்தார். வலது கை தாழ்வாரத்துக்கு வெளியே, மழையில், இடுப்புயரத்தில் நீண்டிருந்தது. கூரை ஓட்டிலிருந்து ஒழுகும் தண்ணீர் நேராக அந்தக் கையின் மேல் விழுந்தது.

நான் பக்கத்தில் போனேன். இதை நிதானமாக எழுதுகிறேன்.

தண்ணீர் கறுப்பு விரல்களின் மேல் விழுந்தது. விரல்களுக்கு நடுவே இருந்த இடைவெளியில் அது கீழே விழவில்லை.

ஒதுங்கி ஓடியது.

எதன்மேலோ பட்டு, இரண்டாகப் பிரிந்து, வழிந்து... அந்தக் கைக்கு வெளியே, காற்றில், சின்னச் சின்னதாகச் சொட்டியது.

சொட்டுகள் விழுந்த இடங்களை எண்ணினேன்.

ஐந்து.

"எவெலியோ" என்றேன். "உள்ள வாங்க."

அவர் திரும்பினார். முகத்தில் பயமே இல்லை. கல்யாணமான புதிதில் பார்த்த முகம்.

"இப்ப வந்துடறோம்" என்றார்.

இறங்கி நடந்தார்.

நான் ஓடினேன். செருப்பில்லை. விளக்கில்லை. வெளிச்சம் வேகமாக வடிந்துகொண்டிருந்தது. அவர் ஓடவில்லை. ஒருபக்கம் சாய்ந்து, அந்தக் கை முன்னே போக, அதன் பின்னால் நடந்தார். பள்ளிக்கூடத்துப் பழைய பாதைக்குத் திரும்பினார். கண்ணிவெடி எடுப்பவர்கள் இன்னும் முடிக்காத பாதை. சிவப்பு வெள்ளைக் குச்சிகள் நட்டு, மண்டையோடு வரைந்த பலகை கட்டியிருந்தார்கள்.

குச்சிகளுக்கு முன்னால் பிடித்துவிட்டேன். செயற்கைக் கையின் மணிக்கட்டை இரண்டு கையாலும் பற்றிப் பின்னால் இழுத்தேன்.

மறுபக்கம் ஏதோ இழுத்தது.

பிள்ளை இழுப்பது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். வெடுக்கென்று இழுக்கும், களைத்துப் போகும், சிணுங்கும், மறுபடி இழுக்கும்.

இது அப்படி இல்லை.

ஒரே சீராக இழுத்தது. களைப்பில்லாமல். அவசரமில்லாமல்.

என் பிடி வழுக்கியது. முழங்கால் போட்டு விழுந்தேன். "லிபார்தோ!" என்று கத்தியது எனக்கு நினைவில்லை, கத்தினேனாம். பக்கத்து வீட்டிலிருந்து அவன் ஓடி வந்து என் இடுப்பைப் பிடித்துத் தரையோடு அழுத்திக்கொண்டான். நான் அவனை அடித்தேன்.

"விடு!"

"விட மாட்டேன் அண்ணி."

"விடுடா!"

"நீங்களும் போனா நான் யார்கூடப் பேசுவேன்?"

எவெலியோ குச்சிகளைத் தாண்டினார்.

வெடிச் சத்தத்துக்காகக் காத்திருந்தோம்.

மழைதான் கேட்டது.

இருட்டிவிட்டது.

கண்ணிவெடி எடுப்பவர்கள் மறுநாள் வந்தார்கள். அங்குலம் அங்குலமாகத் தேடிக்கொண்டு அவரிடம் போய்ச் சேர அவர்களுக்குச் சாயங்காலம் ஆகிவிட்டது. ஒரு மரத்தடியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். உடம்பில் ஒரு கீறல்கூட இல்லை. இதயம் நின்றுவிட்டது என்றார் டாக்டர். கறுப்புக் கை மடியில் விரிந்து கிடந்தது. ஐந்து விரலும் நேராக நீண்டிருந்தன. வந்த நாளிலிருந்து அது அப்படி முழுசாக விரிந்து நான் பார்த்ததே இல்லை.

அந்தக் குழுவின் தலைவி என்னைத் தனியாக அழைத்தாள். சேற்றில் இருந்தது ஒரே ஓர் ஆளின் தடம் என்றாள். அந்தத் தடத்துக்கு ஒட்டி, இடமும் வலமுமாக, அவர்கள் வெடிகள் எடுத்திருந்தார்கள். எவெலியோ ஒவ்வொன்றுக்கும் ஒரு சாண் தள்ளித்தான் கால் வைத்திருந்தார்.

"மெஷின் வெச்சுக்கிட்டு எங்களாலயே இப்படி நடக்க முடியாதும்மா. இந்தப் பாதையில வெடி எங்கெங்க இருக்குன்னு அவருக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியாது" என்றேன்.

மரிசெல் அடக்கத்துக்கு வந்தாள். கையைத் திருப்பி எடுத்துப் போக வேண்டியிருந்தது. அதை வாங்கிப் பையில் வைக்கும்போது விரல்களைத் தொடாமல் பார்த்துக்கொண்டாள். பேட்டரியை நான் தனியாகக் கொடுத்தேன். அவள் என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். பேட்டரியை அவள் வேறு பையில் வைத்தாள்.

எவெலியோவைத் தாரிக்குப் பக்கத்துக் குழியில் வைத்தோம். அதன் பிறகு ஒவ்வொரு காலையும் நான் எப்படி எழுந்தேன் என்று கேட்டால், ஒரே ஒரு நினைப்பில்தான். பிள்ளை இருட்டில் தனியாக இருந்தாள். அப்பாவைக் கூப்பிட்டாள். அவர் போனார். எனக்கு அவள்மேல் கோபம் வரவில்லை. இப்போது அவர்கள் சேர்ந்து இருக்கிறார்கள். அதை வைத்துக்கொண்டு என்னால் அடுப்பு மூட்ட முடிந்தது.

பிப்ரவரியில் தாரிக்கு நான்கு வருடம் முடிந்தது. எங்கள் வழக்கப்படி குழியைத் திறந்து, எலும்புகளை எடுத்துச் சுத்தம் செய்து, சின்னப் பேழையில் வைக்க வேண்டும். லிபார்தோவும் நானும் போனோம். நல்ல வெயில். காலை பத்து மணி. அபெலார்தோ செங்கல்லை ஒவ்வொன்றாக எடுத்தார்.

என் மகளை நான்தான் எடுத்தேன். அவளுடைய கைகள் நான் வைத்தபடியே நெஞ்சின்மேல் இருந்தன. ஒன்றன்மேல் ஒன்று. எதையும் பிடித்திருக்கவில்லை. பொட்டலம் பக்கத்தில் அப்படியே இருந்தது. ஒட்டினது பிரியவில்லை.

"இதையும் பிரிச்சுடலாம் தாயி. உங்க வீட்டுக்காரரு கிட்டச் சேத்துடலாம்" என்றார் அபெலார்தோ.

கத்தியால் பிளாஸ்டிக்கைக் கீறினார். உள்ளே இருந்ததை வெள்ளைத் துணியில் கொட்டினார்.

அபெலார்தோ துணியின் ஓரத்தை இழுத்து எலும்புகளைப் பரப்பினார்.

படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. யார் பார்த்தாலும் தெரியும். ஒரு பெரிய குதிகால் எலும்பு. கணுக்கால். அதற்கு முன்னால் நீளமான பாதத்து எலும்புகள்.

"அண்ணி..." என்றான் லிபார்தோ. "இது கால்."

அன்றைக்கு ஆஸ்பத்திரி வராந்தாவில் வெடியில் அடிபட்டவர்கள் இன்னும் சிலர் படுத்திருந்தார்கள் என்பது அவனுக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அவர்களில் யாருடைய பாதமோ இது. பொட்டலத்தை மாற்றிக் கொடுத்துவிட்டார்கள். கேட்டுப் பார்த்தோம். வாங்க ஆள் வராததை அந்த வாரமே எரித்துவிடுவார்களாம். எவெலியோவின் கை நகரத்திலேயே சாம்பலாகிவிட்டது. அது எங்கள் மலைக்கு வரவே இல்லை. என் மகளின் பெட்டிக்குப் பக்கத்தில்கூடப் போகவில்லை.

நான்கு வருடமும் தாரி தனியாகத்தான் இருந்திருக்கிறாள்.

ஆனால் அவர் ஒரு கையைப் பிடித்திருந்தார். நானே பார்த்தேன். அது சதைப்பிடிப்பாக இருந்தது. பிறகு மெலிந்தது. மழை அதன்மேல் வழிந்து சொட்டியது. அது அவரை அந்தப் பாதையில், ஒரு வெடியும் மிதிபடாமல், அந்த மரம்வரை கூட்டிக்கொண்டு போனது.

அது என் மகள் என்று நினைத்துத்தான் எவெலியோ அதனோடு போனார்.